கன்னிமூலை பீரோ

ஆனி 30, திங்கள்

இலஞ்சியில் சாரல் தொடங்கியதும் படுக்கையறையில் ஓத வாடை. இன்று கொத்தனார் வந்து பீரோவை நகர்த்தினார். பின்னால் சுவர் இடுப்பளவுக்கு ஊறி உப்பியிருந்தது. அஸ்திவாரத்தைச் சுற்றித் தோண்டி நீர்க்காப்புப் பூச ஒன்றே முக்கால் லட்சமாம்.

வாஸ்து என்றாலே சிரிக்கிற என் வீட்டுக்காரர், கன்னிமூலையில் பீரோ இருந்தால் பணம் தங்கும் என்று போன வருஷம் அடம்பிடித்தது இதை மறைக்கத்தான். கீழ்த்தட்டில் என் கல்யாணப்பட்டு பூசணம் பூத்துக் கிடந்தது. முழங்கால் வலியையும் மறந்து ஏசினேன்.

“ஏட்டி, இருக்கது ஒன் முட்டு ஆப்பரேசனுக்கு வச்ச துட்டு. சுவரு எப்படியும் நிக்கும். நீதாம்ட்டி நிக்கணும்” என்றார்.

கொத்தனாரைத் தை மாதம் வரச் சொல்லிவிட்டேன். பட்டுச்சேலையை மேல்தட்டுக்கு மாற்றினேன். பீரோவை அந்த மூலைக்கே தள்ளச் சொன்னேன். வாடை அடிக்கத்தான் செய்கிறது. கிடக்கட்டும்.