ஷெல்லில் போன கால்

கிங்ஸ்பரி, லண்டன்
2007 மே 2, புதன், காலை 6.40

அன்புள்ள றூபினி,

இன்றைக்கு வெறும் வயிற்றில் 6.4. தொடர்ந்து நாலாவது நாள் ஆறுக்கு மேல். என் இரத்தத்தில் உள்ள சீனியின் அளவு இது. ஏழு வந்தால் சலரோகம் என்று எழுதிவிடுவார்கள். போனில் சொல்லலாம்தான், நீர் கதைக்கும்போது வீடே பக்கத்தில் நிற்கிறது. அதனால் கடிதம்.

நேர்ஸ் சாப்பாட்டை மாற்றச் சொன்னா. மாற்றிவிட்டேன். சோறு அரை கப், அதுவும் மத்தியானம் மட்டும். வெள்ளைப் பாண் இல்லை. வேலையில் கம்பியூட்டர் சேர்வருக்குப் போடுவதுபோல அட்டவணை போட்டு எழுதுகிறேன். கரைச்சல் எங்கள் மாதா கோயில் ஆட்களோடுதான். ஞாயிறு பூசை முடிய எமில்டா அக்கா ஒரு பெட்டி குரக்கன் புட்டு கொண்டுவந்தா.

"சீனிக்காரருக்கு இதுதான் மருந்து. வயிறு நிறையச் சாப்பிடும்."

"அக்கா, குரக்கனும் தானியந்தானே, மாச்சத்துத்தான்."

"உமக்குப் படிப்புக் கூடிப்போச்சு. என்ரை மனுசன் பத்து வருசமாச் சாப்பிடுறார்."

"அவருக்கு இப்ப சீனி எவ்வளவு?"

"அதெல்லாம் ஆர் பாக்கிறது!"

முகத்துக்காகச் சாப்பிட்டேன். இரண்டு மணித்தியாலத்தில் 10.9. எண்ணைக் காட்டினேன். அக்கா இப்போது என்னோடு கதைப்பதில்லை.

குடும்பத்தில் யாருக்கும் உண்டா என்றும் நேர்ஸ் கேட்டா. அப்பாவுக்கு உண்டு. நாளைக்கு எங்களுக்குப் பிறக்கிற பிள்ளைகளுக்கும் வரலாம் என்பதால் உமக்கும் தெரிய வேண்டும். அப்பாவின் இடது கால், உங்கள் வீட்டில் சொன்னதுபோல, ஷெல் குண்டில் போகவில்லை. காலில் வந்த புண் சீனியால் ஆறாமல், தொண்ணூற்றொன்பதில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். சீனி வருத்தம் என்றால் சம்பந்தம் பேச யோசிப்பார்கள் என்று அம்மாதான் ஷெல் என்று சொல்லத் தொடங்கினா. ஷெல் என்றால் எங்கள் ஊர் மன்னாரில் யாரும் மேலே கேட்கமாட்டார்கள்.

13ஆம் திகதி தொடங்கி மூன்று ஞாயிறு, இங்கேயும் அங்கேயும் கோயிலில் எங்கள் கலியாண ஓலை வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லவேண்டும் என்று பங்குச் சுவாமி கேட்பார். இது தடை இல்லை, தகவல். முன்கூட்டியே தருகிறேன்.

ஆகஸ்டில் கலியாணத்துக்கு அங்கே வந்து இறங்குவதற்குள் 5.5க்குக் கொண்டுவருவேன்.

அன்புடன்,
நிர்மலன்

&nbsp;

கொட்டாஞ்சேனை, கொழும்பு
15.05.2007

அன்புள்ள நிர்மலன்,

கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. உங்கள் சீனியைப் பற்றிப் படித்துப் பயந்தேன். பிறகு, அதற்கென்ன, அளந்து சமைக்க நான் இருக்கிறேன்தானே என்று நினைத்தேன். வருத்தத்துக்குப் பயந்து விலகினேன் என்று நீங்கள் நினைக்கக்கூடாது. அதற்காகத்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

காலைப் பற்றி மூன்று நாள் யாருக்கும் சொல்லவில்லை. ஞாயிறு முதல் ஓலை வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் என்று சுவாமி சொல்ல, அப்பா என் பக்கத்தில் கைகூப்பி நின்றார். வீட்டுக்கு வந்து அவரிடம் சொல்லிவிட்டேன்.

என் தம்பி ஷெல் பட்டுச் செத்தது உங்களுக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. உங்களுக்கு முதல் வந்த இரண்டு நல்ல இடங்களை அப்பா வேண்டாம் என்றவர். உங்கள் அப்பா ஊன்றுகோலோடு எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, றோட்டுக்கு இறங்கிப்போய்க் கட்டிப்பிடித்தவர். "எங்கடை நோ தெரிஞ்ச ஆக்கள்" என்று அன்றைக்கே ஓம் சொன்னவர். எட்டு வருடமாகத் தம்பியைப் பற்றி வாய் திறக்காத மனிதர், உங்கள் அப்பாவிடம் இரண்டு மணித்தியாலம் அவனைப் பற்றிக் கதைத்தார். உங்கள் அப்பா தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அப்பா கத்தவில்லை. "சலரோகம் எண்டால் சலரோகம் எண்டு சொல்லியிருக்கலாமே, பிள்ளை. என்ரை பெடியன்ரை சாவை ஏன் எடுத்தவை?" என்றார். திங்கள் போய் ஓலையை நிறுத்திவிட்டார்.

நான் கெஞ்சினேன். பிறகு தம்பியின் ஆண்டுப் பூசையன்று நீங்கள் போன் எடுத்தது நினைவுக்கு வந்தது. நான் அழுதேன். "எங்கடை வீட்டிலையும் ஷெல் விழுந்ததுதானே, எனக்கு விளங்கும்" என்றீர்கள். அன்றைக்கு உங்கள் சீனி சரியாக இருந்ததாக்கும்.

கலியாணம் இல்லை என்று உங்கள் வீட்டாருக்கு அப்பா இன்னும் சொல்லவில்லை. முதலில் நான் எழுதவேண்டும் என்று கேட்டேன்.

உடம்பைப் பாருங்கள்.

றூபினி

&nbsp;

கிங்ஸ்பரி
2007 மே 23, புதன், மாலை 6.15

றூபினி,

கடிதம் இன்று வந்தது. மறுத்து எழுத ஒன்றும் இல்லை. பொய் என்று தெரிந்துதான் சொன்னேன். நீர் அழுதுகொண்டிருந்தீர், வேறு ஒன்றும் வாயில் வரவில்லை. அந்தக் கால் உங்கள் வீட்டில் என்னவாக இருக்கிறது என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. சீனி ஏறியிருக்காவிட்டால் சொல்லியிருக்கவும் மாட்டேன்.

இங்கே இரண்டு ஓலை வாசித்துவிட்டார்கள். இனிச் செய்யப்போவது:

1. நாளை வேலைக்குப் போகமுதல் சுவாமியிடம் போய் மூன்றாவது ஓலையை நிறுத்துவேன். பிழை பெண் வீட்டில் இல்லை என்று சொல்லுவேன்.

2. அம்மாவுக்குப் போன் எடுப்பேன். "சீனியைச் சொல்லிக் கெடுத்தாய்" என்பா. சீனியால் கெடவில்லை என்று விளங்கும்வரை வைக்கமாட்டேன்.

3. அப்பாவைக் கூப்பிடச் சொல்லுவேன். தலையாட்டினவர் அவர். உம்முடைய அப்பாவுக்கு அவர் தன் கையால் எழுதவேண்டும். மாட்டேன் என்றால் நான் எழுதுவேன்.

4. ஞாயிறு பூசைக்குப் போவேன். ஓலை என்ன ஆயிற்று என்று கேட்கிற எல்லாருக்கும் காலைப் பற்றிச் சொல்லுவேன். மன்னாருக்குச் செய்தி போக ஒரு நாள் போதும்.

5. தம்பியின் பெயரில் இங்கே ஒரு பூசை ஒப்புக்கொடுக்க நினைத்தேன். ஒப்புக்கொடுக்கமாட்டேன். அவனுடைய பெயரை எங்கள் வீட்டார் இனி எதற்கும் எடுக்கக்கூடாது.

நிர்மலன்