தீனி போடுகிற கை

மார்ச் 4

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு,

நலம். வேலைக்கென்று கடல் தாண்டிப் போன நீ, ஹாலில் மீன் தொட்டிக்குள் இருக்கும் உன் குட்டிக் கடலை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாய். போனில் பேசினால் என் காதில் பாதிதான் விழுகிறது, அதனால் கடிதம். நீ சொன்னபடி, தொட்டியில் வற்றுகிற அளவுக்கு உப்பில்லாத தண்ணீர் ஊற்றுகிறேன். காலையில் ஒரே ஒரு சிட்டிகை தீனி. ஆனாலும் கண்ணாடியெல்லாம் பாசி. பவளங்கள் சுருங்கிக் கிடக்கின்றன. உன்னைப் போலத்தான், கோபம் வந்தால் வாயே திறப்பதில்லை. தீனி டப்பா தீர்ந்துவிட்டது, வேறு வாங்கிவிட்டேன்.

உன் அப்பா

மார்ச் 13

அன்புள்ள அப்பா,

அது வருஷம் முழுக்க வர வேண்டிய டப்பா. அதற்குள் எப்படித் தீர்ந்தது? மீன் தின்னாத தீனி அழுகினால் தண்ணீர் கெட்டுவிடும். சோதனைக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டுப் பாருங்கள். மஞ்சளாக இருந்தால் நல்லது, சிவந்தால் ஆபத்து. கோபப்படாமல் சொல்லுங்கள், ஒரு வேளைதானே போடுகிறீர்கள்?

உங்கள் குட்டிம்மா

மார்ச் 22

குட்டிம்மா,

குழாய் ரத்தமாகச் சிவந்துவிட்டது. கோமாளி மீன் ஒன்று செத்து மிதந்தது. மனசே சரியில்லை. நான் போடுவது ஒரு வேளை, சத்தியமாக. அப்படியானால் வேறு எவனோ போடுகிறான். நான் குளிக்கும் நேரம் பார்த்து வருகிறான் என்று நினைக்கிறேன். என் துண்டில்கூடத் தீனி வாடை. அடுப்பை எரியவிட்டுப் போகிறான், பாத்திரம் கருகிவிட்டது. பூட்டை மாற்றிவிட்டேன்.

அப்பா

மார்ச் 30

அப்பா,

மீன் போனால் போகட்டும். உங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. வீட்டுக்கு யாரும் வருவதில்லை அப்பா. போட்டதை மறந்துவிட்டு மறுபடி மறுபடி நீங்களே போடுகிறீர்கள். லீவு வாங்கிவிட்டேன். பத்தாம் தேதி காலை வந்துவிடுவேன், டாக்டரிடம் போவோம். அதுவரை அடுப்பைத் தொடாதீர்கள். பக்கத்து வீட்டு அக்கா சாப்பாடு கொண்டுவருவார். என் சாவி இனி சேராது, நீங்கள்தான் கதவைத் திறக்க வேண்டும்.

உங்கள் குட்டிம்மா

ஏப்ரல் 8

என் செல்லக் குட்டிம்மாவுக்கு,

ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. ஆண் இல்லை, பெண். அவளே கடிதம் போட்டு மாட்டிக்கொண்டாள். பத்தாம் தேதி வருகிறாளாம், கதவைத் திறக்க வேண்டுமாம். எனக்கு மறதியாம்! அச்சு அசலாக உன் கையெழுத்து. என்னை அப்பா என்றே கூப்பிடுகிறாள், கைகாரி. படிக்கும்போது ஒரு நிமிஷம் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரியும் அவளுக்கு உடந்தை, சோற்றோடு வந்தாள். திருப்பி அனுப்பிவிட்டேன்.

தொட்டியில் மீனே கண்ணில் படவில்லை, பவளமெல்லாம் வெளுத்துவிட்டது. ஆனாலும் காலைத் தீனியை நான் நிறுத்தவில்லை. நீ கவலைப்படாமல் வேலையைப் பார். தாழ் போட்டு, பீரோவைக் கதவோடு நகர்த்தி வைத்துவிட்டேன். அவள் எவ்வளவு தட்டினாலும் என் காதில் விழப்போவதில்லை.

உன் அப்பா