கெட்டியானதை வாங்கு

ஃபோர்ட் வேய்ன், இண்டியானா
2024 பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் ஜூடித்தும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வேளையும் சாப்பிடும் முன் ஜெபிக்கிறேன். ஒரு ஆளுக்குச் சமைப்பதால் சாப்பாட்டைவிட ஜெபம் நீளமாகிவிடுகிறது.

ஜூடித்துக்குக் காலேஜில் இடம் உறுதி. ஆகஸ்டில் வகுப்பு. மாடி அறையைத் துடைத்துக் கட்டில் வாங்கிப் போட்டுவிட்டேன். பால் அத்தான் இல்லாத குறையை என்னால் நிரப்ப முடியாது. ஆனால் அத்தானின் பிள்ளைக்கு என் வீட்டில் ஒரு குறையும் வராது.

இனி என் காரியம். நம் வீட்டில் உன்னைக் கேட்காமல் யாரும் ஒரு குண்டூசிகூட வாங்கியதில்லை. மலேசியாவில் இருந்தபோதுகூட எந்தச் செருப்பு வாங்கலாம் என்று உனக்கு போன் போட்டவன் நான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு ஒரு பொழுதுபோக்கு. அதற்குச் சின்னப் பித்தளைக் கிண்ணங்கள் தேவை, சட்டைப் பட்டனைவிடச் சிறியவை. தட்டினால் பொறி வரும். மூன்று கம்பெனிச் சரக்கு கிடைக்கிறது. ஃபெடரல் மெல்லத் தட்டினாலே பற்றிக்கொள்ளும். சி.சி.ஐ. கொஞ்சம் கெட்டி, ஓங்கித் தட்ட வேண்டும். வின்செஸ்டர் நடுத்தரம். ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எனக்கு நீ சொன்னால்தான் கை போகும். எதை வாங்கட்டும்?

உன் தம்பி,
நெல்சன்


மிங்கலா தாங்ஞுன்ட்
யாங்கோன்
2024 மார்ச் 10

அன்புத் தம்பி நெல்சனுக்கு,

மஞ்சுளாவின் பெட்டியில், பாங்காக் உள்பாவாடைகளுக்கு நடுவே, உன் கடிதம் கசங்காமல் வந்து சேர்ந்தது. பாங்காக்கில் ஜவுளி எடுத்து இங்கே விற்கிறவள் நமக்குத் தபால்காரியாகவும் ஆகிவிட்டாள். போனில் எழுதாதே என்று சொன்னதைக் கேட்டாயே, அந்த மட்டும் சந்தோஷம். தெருமுனையில் பட்டாளத்துக்காரர்கள் போனைப் பிடுங்கித் திறந்து பார்க்கிறார்கள். என் போனில் சொர்ணம்மாள் சித்தி தினமும் அனுப்பும் காலை வசனத்தைத் தவிர ஒன்றும் கிடையாது. அதையெல்லாம் படிக்கப் போகிறவனை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

சித்தி என்றதும் ஞாபகம் வருகிறது. நான் பார்த்துச் சொன்ன ரைஸ் குக்கரை வாங்கிவிட்டு என்னைச் சபித்துக்கொண்டிருக்கிறாள். கரண்ட் நாலு மணி நேரம் வருகிறது, அதுவும் அவள் சர்ச்சில் இருக்கும் நேரத்தில். குக்கரின் மேல் என்ன தப்பு? ஆனால் என் பேர் கெட்டுவிட்டது. போன வாரம் அவள் என்னைக் கேட்காமலே ஒரு வாளி வாங்கினாள். நான் இரண்டு நாள் தூங்கவில்லை.

இங்கே பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு எடுக்கிறார்கள் என்று ஒரே பேச்சு. பெண்பிள்ளைகளும் உண்டு என்கிறார்கள் ஒருநாள், இப்போது இல்லை என்கிறார்கள் மறுநாள். ஜூடித்துக்குப் பத்தொன்பது. ஆகஸ்ட் வரும்வரை நான் நாட்காட்டியைப் பார்க்கும் பார்வையில் அது கிழிந்தே போகும்.

உன் கிண்ணத்துக்கு வருகிறேன். சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்குப் பொட்டுவெடி என்று புரிந்துகொண்டேன். இந்த வயதில் உனக்குப் பொட்டுவெடி. போகட்டும், கல்யாணம் ஆகாதவனுக்கு வயது ஏறுவதில்லை.

லைங் தாயாவில் தையல் கம்பெனி ஸ்டோரில் ஊசி வாங்கியே என் தலை நரைத்துவிட்டது. அதில் நான் கண்டது இது. தொட்டதும் பாய்கிற ஊசி துணியில் மட்டும் பாயாது, விரலிலும் பாயும். ஃபெடரல் வேண்டாம். பெயரிலேயே அரசாங்கம் இருக்கிறது, தொட்டதும் பற்றிக்கொள்கிறது, இரண்டும் எனக்கு ஆகாது. நடுத்தரம் என்பது முடிவெடுக்கத் தெரியாதவர்களுக்கு. கெட்டியானதை வாங்கு. பிள்ளைகள் தெரியாமல் மிதித்தாலும் காலுக்கு ஒன்றும் ஆகாது. ஓங்கித் தட்டினால் ஏமாற்றாது. விலை கொஞ்சம் கூட இருந்தாலும் பார்க்காதே.

இத்தனையும் ஒரு பொட்டுவெடிக்கு. என்னைக் கேட்க ஒரு ஆள் இருக்கிறது என்ற பெருமையில் இரண்டு பக்கம் எழுதிவிட்டேன்.

உன் அக்கா,
பெர்சிஸ்


ஃபோர்ட் வேய்ன்
2024 ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நீ தோற்றதே இல்லை. கெட்டியானதையே வாங்கினேன். ஒரு டப்பாவில் நூறு. ஒன்றுகூட ஏமாற்றவில்லை. என் கூட்டாளிகளுக்கு நடுநடுவே ஒன்றிரண்டு பற்றாமல் நின்றுவிடுகிறது. ‘யார் சொல்லி வாங்கினாய்?’ என்று கேட்டார்கள். யாங்கோனில் என் அக்கா என்றேன். எல்லாரும் உனக்கு வாழ்த்துச் சொன்னார்கள்.

பொட்டுவெடி என்று நீ எழுதியதைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தேன். அது இல்லை அக்கா. போட்டோ வைத்திருக்கிறேன், பார்த்தால் புரியும். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறியாமல் எடுத்து வந்து, அடியில் நீ சொன்ன கிண்ணத்தைப் பொருத்தி, மருந்தும் குண்டும் வைத்து மறுபடி தோட்டாவாக்குவது. வீட்டில், கீழ்த்தளத்தில் மேசை போட்டுச் செய்கிறேன். இங்கே இது சட்டப்படி சரி, தாத்தாக்கள் எல்லாம் செய்கிறார்கள். காகிதத்தைத்தான் சுடுகிறோம். பயப்படாதே.

போட்டோவில் கையில் பிடித்திருக்கும் காகிதத்தைப் பார். நடுவட்டத்தில் எல்லாம் ஒரே ஓட்டையாகிவிட்டது. அதில் பாதிப் பெருமை உனக்கு.

உன் தம்பி,
நெல்சன்


மிங்கலா தாங்ஞுன்ட்
2024 மே 12

நெல்சனுக்கு,

நான் ஒழுங்காகக் கோபப்படத் தெரியாதவள். கோபம் வந்தால் எனக்கு விக்கல் வரும். உன் அத்தான் இருந்தபோது, சண்டை நடுவில் தண்ணீர்ச் செம்பை நீட்டிச் சண்டையையே கெடுத்துவிடுவார். இப்போது செம்பு நீட்ட ஆளில்லை. விக்கிக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து தாவியிருந்தால் அதுதான் காரணம்.

உன் கடிதத்தை நான் படிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியின் மேலேயே உட்கார்ந்து உடைத்துவிட்டேன், என் எடைக்கு எந்தக் கம்பெனிக் கண்ணாடியும் தாங்காது. ஜூடித்தைப் படிக்கச் சொன்னேன். அவளுக்குப் பர்மீஸ்தான் ஓடும், தமிழ் வேதபாடத்தில் படித்த தமிழ். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். நான் மொஹிங்கா குழம்புக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சு-ட்-ட என்றாள். தோ-ட்-டா என்றாள். ஒவ்வொரு எழுத்தாக. நிறுத்து என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. பிள்ளை கடைசிவரை படித்தாள். கீழே உன் கையெழுத்தையும் படித்தாள். பிறகு தாளை மடித்து மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

போட்டோவைக் கரி அடுப்பில் போட்டேன். சோதனைக்கு வருகிறவன் கையில் அது கிடைத்திருந்தால், காகிதத்தைத்தான் சுடுகிறான் என்று நான் விளக்கம் சொல்லியிருப்பேனா? அதைச் சுமந்து வந்த மஞ்சுளா விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து காட்டியிருக்கிறாள், உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாமல். அவளிடம் சொன்னேன். ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. நியாயம்தான்.

அதுகூடப் போகட்டும். உன் அத்தான் எப்படிப் போனார் என்று உனக்கு மறந்துவிட்டதா? ஊர்வலத்தின்மேல் பட்டாளம் சுட்ட அந்த 2021 மார்ச் மாதம், லைங் தாயாவில், கம்பெனி பஸ்ஸுக்காக நின்றவர். கையில் டிஃபன் கேரியர். கோஷம் போட்டவரும் இல்லை, ஓடியவரும் இல்லை. ஓடத் தெரியாத மனுஷன் என்று நீயே கேலி செய்வாய். எங்கிருந்து வந்தது, யாருக்காக வந்தது, இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. ஜூடித் அன்று வீட்டில் அவருக்காகத் தேநீர் போட்டு மூடி வைத்திருந்தாள். தெருவில் டயர் வெடித்தால் இன்றைக்கும் மேசைக்கு அடியில்தான் இருப்பாள். அது உனக்குத் தெரியும். போன வருஷம் நான்தான் எழுதினேன்.

அந்தத் தோட்டாவுக்கும் ஒரு கிண்ணம் இருந்திருக்கும் அல்லவா? அதையும் யாரோ பார்த்துத்தான் வாங்கியிருப்பார்கள். எங்கோ ஒரு ஸ்டோரில், என்னைப்போல ஒரு பெண்பிள்ளை, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மெல்லியது வேண்டாம், கெட்டியானதைக் கொடு, ஏமாற்றாத சரக்காக இருக்கட்டும் என்று சொல்லியிருப்பாள். வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பாள். அவளை இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது. நீ அவளை என் முகத்தோடு கொண்டுவந்து நிறுத்திவிட்டாய்.

என்னிடம் ஏன் கேட்டாய்? ரகசியமாக வாங்கியிருந்தால் நான் இங்கே உன்னைப் பற்றி நல்லபடியாகவே நினைத்துக்கொண்டிருந்திருப்பேன். பட்டனைவிடச் சிறியது, தட்டினால் பொறி என்று விடுகதை போட்டாயே, பெயரைச் சொல்லக் கூச்சம் இருந்ததல்லவா? கூச்சம் இருந்த இடத்திலேயே நின்றிருக்கலாமே.

ஒரே பேச்சு. அந்த மேசை உன் வீட்டில் இருக்கும்வரை என் பிள்ளை அந்த வீட்டுப் படி ஏற மாட்டாள். விமான டிக்கெட்டுக்கு ஜூன் கடைசிவரை தவணை இருக்கிறது. முடிவைச் சொல்.

அக்கா,
பெர்சிஸ்


ஃபோர்ட் வேய்ன்
2024 ஜூன் 9

அக்காவுக்கு,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். ஐந்தாவது முறை எனக்கும் கோபம் வந்துவிட்டது.

அத்தானை நான் கொன்றதுபோல எழுதியிருக்கிறாய். செய்தி வந்த அன்று நான் ஃபேக்டரியில் வேலையில் நின்றேன். லீவு கிடைக்கவில்லை. யாரிடம் சொல்லி அழுவது? அங்கே என் பாஷை தெரிந்த ஒரு ஆள் இல்லை. அதற்கு அடுத்த மாதம் முழுவதும் கதவு அடித்தால்கூட எனக்கு உடம்பு தூக்கிப்போட்டது. உனக்கு எழுதவில்லை. உன் துக்கத்துக்கு முன்னால் என்னுடையதை எங்கே வைப்பது? ஒரு வெள்ளைக்கார நண்பர்தான் சுடும் இடத்துக்குக் கூட்டிப்போனார். சத்தம் என் கையிலிருந்து புறப்பட்டால் எனக்குப் பயமில்லை என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். அன்று இரவுதான் தூங்கினேன். அந்த மேசை உனக்குத் தோட்டாவாகத் தெரிகிறது. எனக்கு அது தூக்கம்.

உன்னை ஏன் கேட்டேன் என்கிறாய். வாழ்க்கையில் நான் நன்றாகச் செய்கிற ஒரே காரியம் இது. அதில் நீயும் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். முழுவதையும் சொல்லாதது என் தப்பு. அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நீ கேட்டதைச் செய்துவிட்டேன். மேசை இப்போது வீட்டுக்குள் இல்லை. எல்லாவற்றையும் கார் ஷெட்டுக்கு மாற்றி, இரும்பு அலமாரி வாங்கிவிட்டேன். ஜூடித் கண்ணில் ஒரு பித்தளைத் துண்டுகூடப் படாது. ஞாயிறு அவள் சர்ச்சுக்குப் போனபிறகுதான் திறப்பேன். இனி உனக்கு என்ன மனக்குறை?

அலமாரிக்குப் பூட்டு மட்டும் பாக்கி. கடையில் மூன்று விதம் இருக்கிறது. சாவிப் பூட்டு ஒன்று, எண் பூட்டு ஒன்று, விரல் வைத்தால் திறப்பது ஒன்று. எது நல்லது என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் வாங்கி மாட்டிவிடுவேன்.

தம்பி,
நெல்சன்


மிங்கலா தாங்ஞுன்ட்
2024 ஜூலை 14

நெல்சனுக்கு,

இந்த முறை ஜூடித்தைப் படிக்கச் சொல்லவில்லை. புதுக் கண்ணாடி போட்டு நானே படித்தேன். அவளே தாளை வாங்கிக்கொண்டு போய், ஜன்னல் பக்கம் நின்று, உதடு அசைய முழுவதையும் படித்தாள். திரும்பி வந்து ஒன்றே ஒன்று கேட்டாள். வீட்டுக்கும் அந்த ஷெட்டுக்கும் எவ்வளவு தூரம் என்றாள். எனக்குத் தெரியவில்லை. நீ எழுதவில்லை.

கதவு மூடியிருக்கும், நீ சர்ச்சில் இருப்பாய், உனக்கு ஒன்றும் கேட்காது என்றெல்லாம் அவளிடம் உனக்காக வக்கீல் வேலை பார்த்தேன். நம்ப மாட்டாய், அவ்வளவு கோபத்திலும் உனக்காகத்தான் பேசினேன்.

“கேக்குதோ இல்லையோ அம்மா, நான் கேட்டுக்கிட்டே இருப்பேன்” என்றாள்.



காலேஜுக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டுவிட்டாள். சென்னையில், அயனாவரத்தில் இருக்கிறாளே உன் அத்தானின் தங்கை, அவள் வீட்டுக்கு நேற்று விமானம் ஏற்றிவிட்டேன். அங்கே காலேஜ் கிடைத்தால் பார்க்கட்டும். ஒரே அறையில் நாலு பேர், தண்ணீர் லாரி, அத்தையின் மாமியார் வேறு. தீபாவளிக்கு என்ன செய்வாள் என்று கேட்காதே, அன்றைக்கு என்ன சத்தம் என்று ஊருக்கே தெரியும், சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ஏர்போர்ட்டில் என் தமெய்ன் லுங்கியின் ஓரம் கதவில் மாட்டிக்கொண்டு கிழிந்தது. என் தேர்வுதான், உறுதியான துணி என்று நான் மஞ்சுளாவிடம் சண்டை போட்டு வாங்கியது. பிள்ளை சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அது போதும்.

உன் தூக்கத்தைப் பற்றி எழுதியிருந்தாய். நம்புகிறேன். அந்த மாதம் நீ தனியாக நடுங்கியது எனக்குத் தெரியாமல் போனது எனக்கு வருத்தம். அன்றைக்கே ஒரு வரி எழுதியிருந்தால், சுடும் இடத்துக்குப் போகாதே, எனக்கு போன் போடு என்று சொல்லியிருப்பேன். இப்போது உனக்கு அது மருந்தாகிவிட்டது. மருந்தை எறி என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் எங்களைக் கொன்றது அந்த மருந்துதான். அந்த மருந்துக்கும் என் பிள்ளைக்கும் ஒரே வீட்டில் இடம் கிடையாது, ஷெட்டோடு சேர்த்துச் சொல்கிறேன்.

மேசையை எடு என்றேன். நீ நகர்த்தினாய். அதையும் பெரிய தியாகம்போல எழுதி, கீழே பூட்டு எது நல்லது என்று கேட்கிறாய். அந்த வரியைப் படித்துவிட்டு நான் சத்தம் போட்டுச் சிரித்தேன், பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். பிறகு விக்கல் வந்தது. பூட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

ஜூடித்தின் விலாசம் வேண்டுமானால் அவளே தருவாள். எழுதுவதும் எழுதாததும் அவள் விருப்பம், நான் நடுவில் நிற்க மாட்டேன். எனக்கு எழுத வேண்டாம். மஞ்சுளாவிடம் சொல்லியாகிவிட்டது. உன் உறை வந்தால் பாங்காக்கிலேயே வைத்துவிடுவாள், எடுத்து வர மாட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
திருமதி பால்