ஒருமனதாக என்று நான் எழுதியது

அக்கா,

இன்று காலை பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு போட்டோஸ்டாட் கடையில் நின்றிருந்தேன். மெஷினிலிருந்து தாள்கள் சுடச்சுட வந்து விழுந்தன. அந்தக் காகித வாசனை மூக்கில் ஏறியதும் நீங்கள் பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது. இருபது வருடம் நம் பல்கலைக்கழகத்தில் கணினிப் பாடம் நடத்தியவர், எந்த அறிக்கையையும் திரையில் படிக்க மாட்டீர்கள். அச்செடுத்துக் கையில் பிடித்து, உதடு அசைய முணுமுணுத்துத்தான் படிப்பீர்கள். "தமிழ்ப்பள்ளியில சத்தம் போட்டுப் படிச்சு வளந்த வாய்ம்மா, மூட மாட்டேங்குது" என்பீர்கள். கூட்டங்களில் அதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் கிடையாது. நானும் சிரித்திருக்கிறேன்.

நான் அச்செடுத்தது எதற்கு என்று தெரிந்தால் இப்போது நீங்கள் சிரிப்பீர்கள். நாளை பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கருத்தரங்கு. புதிய தொழில்நுட்பத்தைக் கொண்டுவரும்போது பல்கலைக்கழகங்கள் மக்களின் நம்பிக்கையை எப்படிப் பெறுவது என்று நான் பேச வேண்டுமாம். அது நீங்கள் பேசியிருக்க வேண்டிய மேடை. நீங்கள் போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகிவிட்டதால் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நம்பிக்கையை எப்படிப் பெறுவது என்று நீங்கள் செய்து காட்டியதை நான் கண்ணால் பார்த்தேன். மாணவர்கள் வீட்டிலிருந்தே தேர்வு எழுதலாம், கேமரா வழியாக ஒரு மென்பொருள் கண்காணிக்கும் என்று நாம் அறிவித்ததும் பெற்றோர்கள் கொதித்துப் போனார்கள். நீங்கள் கிள்ளானில் ஒரு மாதா கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டீர்கள். பதிவாளர் அலுவலகத்திலிருந்து நான் துணைக்கு வந்தேன். கடைசி வரிசையில் ஒரு லோரி ஓட்டுநர் வேலைச் சட்டையோடு எழுந்து நின்றார்.

"மேடம், கம்ப்யூட்டர் தப்பா சொல்லிருச்சுன்னா நாங்க யாருகிட்ட போய் நிக்கறது?"

"எங்கிட்ட வாங்கண்ணே. மெஷின் சொல்லுதுன்னு மட்டும் ஒரு பிள்ளையையும் தண்டிக்க மாட்டோம். கூப்பிட்டுப் பேசுவோம். அப்படித்தான் விதியே எழுதியிருக்கேன்."

சொன்னதோடு நிற்காமல் வெண்பலகையில் உங்கள் சொந்தக் கைப்பேசி எண்ணை எழுதினீர்கள். திரும்பும்போது காரில் நான் சண்டை போட்டேன்.

"எதுக்குக்கா சொந்த நம்பர்? ஆபிஸ் நம்பர் இருக்குல்ல?"

"ஆபிஸ் நம்பர யாரும்மா எடுக்கறாங்க? நீ எடுக்கறியா?"

நான் எடுப்பதில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

முதலில் மாட்டியது அந்த லோரி ஓட்டுநரின் மகள்தான். தேர்வின்போது யாரோடோ பேசினாள் என்று மென்பொருள் குறித்திருந்தது. காணொளியில் அவள் உதடுகள் அசைந்தன. ஒலிப்பதிவில் மின்விசிறி இரைச்சலைத் தவிர ஒன்றுமில்லை. கேள்வித்தாளை முணுமுணுத்துப் படித்திருக்கிறாள், அவ்வளவுதான். அவளும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை.

ஒழுங்குக் குழுவில் டீன், இரண்டு பேராசிரியர்கள், நீங்கள். எனக்கு ஓட்டு கிடையாது, குறிப்பெடுப்பதுதான் என் வேலை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் பேசாமல் முடிவெடுக்கக் கூடாது என்று விதியைக் காட்டினீர்கள்.

"இந்த சிஸ்டத்தைப் பத்தி போன மாசம்தான் பேப்பர்ல போட்டோம்," என்றார் டீன். "முதல் கேஸையே விட்டுட்டா சிஸ்டத்தை யாரு நம்புவா?"

"நம்மள நம்பினாத்தான் சார் சிஸ்டத்தை நம்புவாங்க" என்றீர்கள். பிறகு மென்பொருள் தந்த அறிக்கையை எடுத்து மறுபடியும் படித்தீர்கள். உங்கள் உதடுகள் அசைந்தன. நான் நேர் எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'சார், மேடம் இப்ப யார்கூடப் பேசறாங்க?' என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த அறையே சிரித்திருக்கும், அந்தப் பெண்ணும் தப்பித்திருப்பாள். நான் வாயைத் திறக்கவில்லை. என் பதவி உயர்வுக் கோப்பு டீனின் மேசையில் இருந்தது.

அவளைக் கூப்பிடாமலே தண்டிப்பது என்று, மூன்றுக்கு ஒன்றாக முடிந்தது. நீங்கள் எழுந்து போனதும் டீன் என்னிடம் வந்தார். "யுனானிமஸ்னு போட்டுரு. ஸ்பிளிட்னா அப்பீலுக்கு வந்து நிப்பாங்க." ஒருமனதான முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது என்பது நம் ஒழுங்கு விதி. 'ஒருமனதாக' என்று தட்டினேன். ஒரு சொல்தானே என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன்.

கடிதம் கையில் கிடைத்ததும் அந்த லோரி ஓட்டுநர் உங்களைத்தான் கைப்பேசியில் அழைத்தார். "சூராட் வந்திருக்கு மேடம். எல்லாரும் ஒன்னா சேந்து முடிவு பண்ணிட்டீங்கன்னு போட்டிருக்கு. நீங்களுமா?" யார் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்பதும் நீங்கள் எழுதிய விதிதான். ஆகவே "மன்னிச்சுக்குங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுநாள் என் மேசைக்கு வந்தீர்கள். அப்போதே புற்று உங்களைத் தின்ன ஆரம்பித்திருந்தது. படியேறியதில் மூச்சு வாங்கியது.

"நான் எதுத்தேனேம்மா. கடுதாசில எப்படி ஒருமனதான்னு வந்துச்சு?"

"டெம்ப்ளேட்டுக்கா. சிஸ்டமே அப்படித்தான் போடுது. நாங்க ஒன்னும் பண்ண முடியாது லா."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். செய்ததைச் செய்துவிட்டு மெஷின் மேல் பழி போடுபவர்களைப் பற்றி மண்டபம் மண்டபமாகப் போய் எச்சரித்தவர் நீங்கள். அப்படிப்பட்டவர், சொன்னது நான் என்பதால் நம்பினீர்கள். டெம்ப்ளேட் திருந்தினால் கடிதம் திருந்தும், கடிதம் திருந்தினால் அந்தப் பெண் மேல்முறையீடு செய்யலாம் என்று மருத்துவமனைப் படுக்கையிலிருந்து கணினிப் பிரிவுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினீர்கள். இல்லாத பிழையை அவர்கள் எங்கே போய்த் திருத்துவார்கள்? நான் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்க வருவேன். "பதில் வந்துச்சாம்மா?" என்பீர்கள். "இன்னும் இல்லக்கா" என்பேன். வெட்கங்கெட்டவள் நான். இதற்கிடையில் பதவி உயர்வும் வந்து சேர்ந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் அந்த லோரி ஓட்டுநர் வீட்டுக்குப் போனேன். கருத்தரங்குக்கு உரை எழுத உட்கார்ந்தால் முதல் வரிக்கு மேல் ஓடவில்லை. நாலாவது மாடி பிளாட். மகள் படிப்பை விட்டுவிட்டுப் பூச்சோங்கில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் வேலை செய்கிறாள். அன்று அவளுக்கு விடுமுறை. உட்காரச் சொன்னார்கள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், டெம்ப்ளேட் கதை உட்பட.

அவள் அப்பாதான் முதலில் கேட்டார். "அப்ப அந்த மேடம் எங்க பக்கம்தான் நின்னாங்களா?"

"ஆமாண்ணே. அவங்க ஒருத்தர்தான்."

"போன்ல ரொம்ப ஏசிட்டேன் மேடம். செத்துட்டாங்கன்னு கேள்விப்பட்டும் போய்ப் பார்க்கல." துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்த மனிதர் அழுததை நீங்கள் பார்க்காமல் போனதே நல்லது.

மகள் அழவில்லை. உள்ளே போய் ஒரு பழைய நோட்டும் பேனாவும் எடுத்து வந்தாள். "எழுதிக் குடுங்க, ஆன்டி."

"நானே வந்து சொல்றேன்மா. எங்க கூப்பிட்டாலும் வரேன்."

"வேணாம். எழுதி, ஐசி நம்பர் போட்டு, சைன் பண்ணுங்க. வாயால சொல்றத இனிமே நான் கேக்கறதா இல்ல."

எழுதினேன். டீன் சொன்னபடி செய்தேன் என்று ஆரம்பித்ததைப் பார்த்துத் தாளைக் கிழித்துவிட்டாள். "முதல்ல நீங்க செஞ்சதைப் போடுங்க" என்றாள். இன்னொரு தாளில் முதலிலிருந்து எழுதி, அடையாள அட்டை எண்ணும் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, தாளை மடித்து வைத்தாள். அது வெளியே வரும்போது என் வேலை போகும். போகட்டும்.

அவள் என்னை நம்பவில்லை. அது நியாயம்தான், அதை என்னால் தாங்கிக்கொள்ள முடிகிறது. நீங்கள் கடைசி மூச்சு வரை நம்பினீர்களே அக்கா, அதைத்தான் தாங்க முடியவில்லை.