முடியாது என்று எழுதியவர்கள்

என் அண்ணனுக்கு, கோபம் இன்னும் ஆறாத உன் தங்கை எழுதுவது.

ஜெயித்துவிட்டோம் அண்ணா. நம் களைக்கொத்து செய்யும் முறைக்குக் காப்புரிமை தரச்சொல்லிச் சென்னை ஹைகோர்ட்டில் போன வாரம் தீர்ப்பு வந்துவிட்டது. பாலக்கோட்டில் பஸ் இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் பட்டறையைத்தான் திறந்தேன்.

எல்லோரும் தகட்டைப் பதப்படுத்திய பிறகு காம்பு செருகும் வளையத்தைப் பற்றவைப்பார்கள். கழுத்தில் ஒடியும். நீ அதே தகட்டில் வளையத்தை முதலில் சுருட்டி, அப்புறம் வெட்டும் வாயை மட்டும் பதப்படுத்தினாய். விண்ணப்பத்தில் என் பெயரையும் சேர்த்தாய். அதோடு நிற்காமல் களைக்கொத்து செய்து விற்கும் அந்தக் கம்பெனிக்கு நீயே போய், கேட் வாசலில் காத்து நின்று காட்டினாய். உனக்கு யாரைத்தான் சந்தேகப்படத் தெரியும்?

அவர்களே பிறகு நம் விண்ணப்பத்தை எதிர்த்தார்கள். இது தொழில் தெரிந்த எவனுக்கும் தானாகத் தோன்றும் என்றார்கள். காப்புரிமை அலுவலகமும் அதை ஏற்று நம் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டது. மேல்முறையீட்டில் கையெழுத்துப் போட்ட வாரமே நீ போய்விட்டாய். மாரடைப்பு என்றார் டாக்டர். நான் அதற்கு அந்தக் கம்பெனியின் பெயரைத்தான் சொல்வேன்.

உன் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தைத் தேடியபோது சீட்டுக்கு அடியில் அந்தக் கடிதம் கிடைத்தது. கம்பெனி மேனேஜர் உனக்கு எழுதியது. 'வளையத்தை முதலில் சுருட்டினால் கழுத்து விரிசல் விடும். தொழில் தெரிந்த யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள்.' ஏன் எங்களிடம் காட்டவில்லை? அவ்வளவு அவமானமாக இருந்ததா?

வக்கீலம்மா அதைக் கோர்ட்டில் வைத்தார். நீதிபதி படித்துவிட்டுத் தமிழிலேயே கேட்டார்: "யாரும் செய்யமாட்டாங்கன்னு எழுதினதும் நீங்க, எல்லாருக்கும் தோணும்னு சொல்றதும் நீங்களா?" நான் மேனேஜர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ போன பிறகு அன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

நேற்று அந்த மேனேஜரே பட்டறைக்கு வந்தார். "பழசெல்லாம் மறந்துடுங்கம்மா. நாங்க செய்யறதுக்கு அனுமதி குடுங்க. அதுக்கு அண்ணன் பேரையே வெக்கறோம்" என்றார். நான் உட்காரச் சொல்லவில்லை.

"ஆவாதுங்க. எங்கண்ணனைக் கம்பெனி கேட்டுலயே நிக்க வெச்சீங்களே, அப்பத் தெரியலையா அந்தப் பேரு?"

அவர் போனதும் அண்ணி, "அவரா இருந்தா குடுத்திருப்பாரு. நீதான் மனசுலயே வெச்சுக்கினு இருக்கற" என்றார். உண்மைதான். நீ டீயும் வாங்கிக் கொடுத்து, செய்முறையையும் விளக்கி அனுப்பியிருப்பாய்.

இந்தக் காப்புரிமையின் கடைசி நாள்வரை அந்தக் கம்பெனியில் ஒரு களைக்கொத்தைக்கூட இந்த முறையில் அடிக்க விடமாட்டேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு. நீ வேண்டுமானால் அவர்களை மன்னித்துக்கொள். என்னை மட்டும் கேட்காதே.

உன் கூடப்பிறந்தவள்,
கோவிந்தம்மாள்