ஏழாவது வரிசை

மார்ச் 6
வேலைக்குத் திரும்பினேன். அக்கா போய்ச் சேர்ந்து பத்தொன்பது நாள். ஆஸ்பத்திரியில் துப்புரவு ஆட்கள் எல்லாருக்கும் பொதுவான எக்செல் ஷீட்டில் ஏழாவது வரிசை அவள், எட்டாவது நான். அவள் பேர் அப்படியே இருக்கிறது. பக்கத்துக் கட்டத்தில் அவள் துடைக்கும் குழந்தைகள் வார்டு. துடைத்து முடித்ததற்கான டிக் இல்லாததால் சிவப்பு. சிவப்பாக இருந்தால்தான் வேறு ஆள் அனுப்புவார்கள்.

மார்ச் 7
சூப்பர்வைசர் அண்ணன் கூப்பிட்டார். "ஏழாவதுல கடைசி நாள் தேதியைப் போட்டுடும்மா."
தலையாட்டினேன். தேதி போடக் கை வரவில்லை. டிக் போட்டேன். பச்சையானது. அவள் வந்துவிட்ட மாதிரி இருந்தது. இரண்டு வார்டையும் நானே துடைத்தேன்.

மார்ச் 8
இன்றும்.

மார்ச் 11
லிஃப்ட்காரர் கேட்டார், "என்னம்மா, கால்ல சக்கரம் கட்டியிருக்கியா?" சிரித்து வைத்தேன். இடுப்பு விட்டுப் போகிறது.
அக்கா எப்போதும் சொல்வாள்: "தொடைச்சு முடிச்சப்புறம்தான்டி டிக்கு. முன்னாடியே போட்டா அது பொய்." நான் காலையிலேயே இரண்டையும் போட்டுவிடுகிறேன். பச்சையைப் பார்த்துவிட்டால்தான் வேலை ஓடுகிறது.

மார்ச் 13
என் வார்டில் ஒருவர் மாற்றி ஒருவர் வாந்தி. மேலே குழந்தைகள் வார்டுக்குப் போவதற்குள் மதியம் ஆகிவிட்டது. அங்கே ஒரு சின்னப் பெண், கொட்டிக் கிடந்த பாலில் வழுக்கி, நெற்றியில் மூன்று தையல்.
"காலையிலேர்ந்து ஒருத்தரும் எட்டிப் பாக்கலையே!" அவள் அம்மா.
"ஷீட்ல பச்சையாத்தானே இருக்கு," நர்ஸ்.
ஐயோ அக்கா. ஒரு நாள்கூட லீவு போடாதவடி நீ. உன் பேர்லயா நான் பொய் எழுதினேன்?

மார்ச் 14
அண்ணனிடம் எல்லாம் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் போனேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். "உக்காரு. நீயே போடு."
பிப்ரவரி 15. போட்டதும் வரிசை சாம்பல் நிறமானது.
"பேரு போயிடுமா அண்ணே?"
"அழிக்க மாட்டோம்மா. அழிச்சா கீழே இருக்கறதெல்லாம் மாறிப்போயிடும். அது அங்கேயே இருக்கும்."

மார்ச் 20
கேட்டு வாங்கிக்கொண்டேன். இனி நான் குழந்தைகள் வார்டு மட்டும். அந்தப் பெண்ணுக்குத் தையல் பிரித்துவிட்டார்கள். ஈரத்தைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நடந்தாள். தரை காயும்வரை நின்றேன்.
கீழே வந்து ஷீட்டைத் திறந்தபோது மணி பதினொன்று இருபது. ஏழாவதைப் பார்த்தேன். எட்டாவதில் டிக் போட்டேன்.