அச்சின்மேல் அடித்த சிவப்பு

திட்டிக்கொண்டே சோறு போட்ட என் அக்காவுக்கு,

உன் மகள் ஜெசிந்தா அமெரிக்காவில் விண்கலத்துக்கே டாக்டர் ஆகிவிட்டாள். திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு ஸ்க்ரூகூட மேலே போகாது என்றேன். இதில் பாதியாவது உண்மை.

மேலே போய்த் திரும்பி வந்து, மறுபடியும் போகிற கலம் அது. நூறு பயணம், பத்து வருஷம் என்று ஆயுள் வைத்துக் கட்டினார்களாம். பயணம் பாதிகூட ஆகவில்லை. வருஷம் எப்போதோ தாண்டிவிட்டது. உள்ளே ஏழு பேர் உட்கார்ந்து போவார்கள். ஒரு பாகம் இன்னும் தாங்கும் என்று திங்கட்கிழமை இவள் கையெழுத்துப் போட வேண்டும்.

நேற்று போன் செய்தாள்.

"மாமா, நம்ம டிராக்டர் மீட்டர்ல ஓடின மணி கம்மியாத்தானே காட்டுச்சு? அப்புறம் ஏன் அச்சு ஒடிஞ்சு அப்பா கால் போச்சு?"

"வரப்பு சரிஞ்சதுல ஒடிஞ்சது. வண்டி சிங்கம்டி."

"சும்மா நின்னே ஒரு வண்டி கெட்டுப்போகுமான்னுதான் கேக்கறேன். எஞ்சினைக் கரைச்சுக் குடிச்சவரு நீங்க, சொல்லுங்க."

"ஓடாத வண்டி எப்படிம்மா தேயும்? தைரியமாப் போடு."

போனை வைத்ததிலிருந்து உட்கார முடியவில்லை, அக்கா. வாய்க்கால் வரை நடக்கிறேன், திரும்புகிறேன். வாங்கின டீ ஆறிப்போனது.

நாலு மழைக்காலம் கொட்டகைத் தண்ணீரில் நின்ற வண்டி. புதுசு மாதிரி என்று அத்தான் தலையில் கட்டியவன் நான்தான். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு அடித்த மிச்சச் சிவப்பை அதற்கும் அடித்தோம். டப்பாவை நீ பிடித்திருந்தாய். அச்சில், துருவுக்கு நடுவே, முடி மாதிரி ஒரு விரிசல்.

"டேய், இது என்னடா கோடு?" என்றாய்.

"திருஷ்டிக் கோடு" என்று அதன்மேல் இரண்டு கை கூடுதலாகப் பூசினேன். அடுத்த உழவிலேயே ஒடிந்தது. வரப்பு சரிந்ததென்று ஊரெல்லாம் சொன்னேன். நீ கடைசி மூச்சு வரை மறுக்கவில்லை. ஏன் அக்கா? என் மானத்துக்காகவா, அத்தானும் நானும் வெட்டிக்கொள்ளக் கூடாதென்றா?

அத்தான் இன்னும் கம்பு ஊன்றித்தான் மாதா கோயிலுக்கு வருகிறார், அந்த வரப்பைத் திட்டிக்கொண்டே.

இன்று ஞாயிறு. பூசை முடிந்ததும் அவரை ஐ.எஸ்.டி. பூத்துக்கு அழைத்துப்போய்ப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நானே ஜெசிந்தாவைக் கூப்பிடுவேன். வரப்பு சரியவில்லை என்பேன். வண்டி நின்றே கெட்டது, நான் பார்த்தேன், பூசி மறைத்தேன் என்பேன். இந்த ஒருமுறை ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்ல மாட்டேன். உன்மேல் ஆணை.

பெயின்ட் டப்பாவை உன் கையில் கொடுத்த
உன் தம்பி சூசை